மதகடிப்பட்டும் மனாமாவும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற பேருந்தில் உட்கார்ந்தால் மாநில எல்லையைத் தெரிந்துகொள்ள வழிகாட்டிப் பலகை தேவையில்லை, மதுக்கடைகளே சொல்லிவிடும். வில்லியனூர், அரியூர் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. அடுத்து திருபுவனை, மறுபடியும் புதுச்சேரி. பிறகு எங்கள் திருவாண்டார்கோயில், சம்பந்தர் பாடிய வடுகூர். அதையடுத்து மதகடிப்பட்டு. அதற்கப்பால் திரும்பவும் தமிழ்நாடு. மண் ஒன்று, கரும்பு ஒன்று, கொண்டான் கொடுத்தான் உறவும் ஒன்று. சட்டம் மட்டும் வேறு. மதகடிப்பட்டில் காசு கொடுத்து முறையாக வாங்கிய பாட்டில், எல்லையைத் தாண்டி மேற்கே கால் வைத்ததும் பறிமுதலுக்குரிய சரக்காகிவிடுகிறது. ‘புதுச்சேரி மதுபாட்டில்கள் பறிமுதல்’ என்ற தலைப்பை விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து நாளிதழ் வாசகர்கள் படித்துப் படித்துச் சலித்திருப்பார்கள்.

இந்த வேறுபாட்டுக்கு வயது முக்கால் நூற்றாண்டுக்கு மேல். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போது இங்கே பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி. 1954 அக்டோபர் 18 அன்று, இதே வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். இணைப்பு வந்தது, மதுவிலக்கு வரவில்லை. 1971இல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்தும் வரை, தென்னார்க்காட்டுக் குடிகாரர்களுக்குப் புதுச்சேரிதான் புகலிடம். தமிழ்நாட்டில் பிறகு கடைகள் மூடின, திறந்தன, மறுபடி மூடின. 2003இல் அரசே டாஸ்மாக் கடைகளில் சில்லறை விற்பனைக்கு உட்கார்ந்துவிட்டது. இங்கே மட்டும் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் இன்றுவரை சட்டப்படி நடக்கின்றன. அரசு வடிசாலையில் சாராயம் தயாராகிறது, கடைகள் ஏலம் போகின்றன, எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்டுகிறார்.

இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் பிள்ளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறார்கள். சாராயக்கடையைப் பெட்டிக்கடைபோல் பார்த்து வளர்ந்தவன், ஒரு சொட்டு மதுவும் குற்றமாகக் கருதப்படும் நாட்டில் போய் இறங்குகிறான். வளைகுடா நாடுகளின் மதுச் சட்டங்களைப் பற்றி ஆங்கிலப் பயண நூல்கள் நிறையப் பேசுகின்றன. எந்த ஓட்டலில் கிடைக்கும், விமான நிலையத்தில் எத்தனை லிட்டர் கொண்டுபோகலாம், உரிமம் எப்படி வாங்குவது என்று வெள்ளைக்காரப் பயணிக்கு அவை வழிகாட்டும். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவனுக்காக எழுதப்பட்டவை அல்ல அவை. அவனை வைத்து இந்தச் சட்டங்களைப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

தமாமில் ஒரு வீட்டில் ஓட்டுநராக இருந்து திரும்பிய உறவினர் ஒருவர் பஹ்ரைன் பாலத்தைப் பற்றிச் சொல்வார். சவூதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் அந்தக் கடற்பாலம் சுமார் 25 கிலோமீட்டர் நீளம், 1986இல் திறந்தார்கள். வார விடுமுறை வந்தால் சவூதிப் பக்கத்திலிருந்து கார்கள் வரிசை கட்டி நிற்கும். பாலத்தைத் தாண்டினால் மனாமா. அங்கே ஓட்டல்களில் மது உண்டு. “நம்ம மதகடிப்பட்டுதான் அது. நடுவுல கடல் இருக்குது, அவ்வளவுதான்” என்பார். நான் அவரிடம் கேட்டேன், நீங்கள் போயிருக்கிறீர்களா என்று. “நான் எங்கப்பா போறது? ரீ-என்ட்ரி அடிக்கணும், கஃபீல் மனசு வைக்கணும்” என்றார். நாட்டைவிட்டு வெளியேறித் திரும்பி வர அனுமதி வேண்டும். வீட்டு ஓட்டுநரைப் போன்றவர்களுக்கு அது கஃபீலின், அதாவது முதலாளியின், கையில் இருக்கிறது. மதகடிப்பட்டுக்கும் மனாமாவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான். இங்கே எல்லையைத் தாண்டப் பேருந்துக்குக் காசிருந்தால் போதும்.

மது அருந்துவது இஸ்லாத்தில் விலக்கப்பட்டது. அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விலக்கு யாரைக் கட்டுப்படுத்தும் என்ற கேள்வியைப் பழைய சட்ட அறிஞர்கள் மிகுந்த பொறுப்போடு விவாதித்திருக்கிறார்கள். முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழும் கிறித்தவரும் யூதரும் தங்களுக்குள் மதுவை வைத்துக்கொள்வதைப் பொதுவாக அவர்கள் தடுக்கவில்லை. ஹனஃபி மத்ஹபில், அதாவது அந்தச் சட்ட மரபில், ஒரு படி மேலே போய், முஸ்லிம் ஒருவர் அப்படிப்பட்டவரின் மதுவைக் கொட்டி அழித்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். ஷாஃபி மத்ஹப் அதை ஏற்கவில்லை. நம் கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிகள், ராவுத்தர்கள் ஹனஃபிகள். இரண்டு மரபுகளுமே நம் அண்டை வீட்டில் இருக்கின்றன. இந்த விவாதத்தில் என்னைக் கவர்வது, கோடு எங்கே இழுக்கப்பட்டது என்பது. நம்பிக்கையை வைத்து இழுத்தார்கள். இந்த நம்பிக்கையை ஏற்றவன் இந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவன். ஏற்காதவன் தன் வழியில் போகலாம். ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம், ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சம்பளத்தையும் பதவியையும் பார்த்து இழுத்த கோடு அல்ல அது.

இன்றைய அரசுகள் இழுக்கும் கோடு வேறு. சவூதி அரேபியாவில் 1950களின் தொடக்கம் வரை வெளிநாட்டவர் தங்கள் தேவைக்கு மது தருவித்துக்கொள்ள முடிந்தது. 1951 நவம்பரில் ஜித்தாவில் நடந்த ஒரு விருந்தில், மேலும் மது ஊற்ற மறுத்த ஆத்திரத்தில், மன்னர் அப்துல் அஜீஸின் மகன் இளவரசர் மிஷாரி, பிரிட்டிஷ் துணைத் தூதர் சிரில் உஸ்மானைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு மன்னர் முழுத் தடை விதித்தார். குடித்துவிட்டுச் சுட்டது அரச குடும்பத்து இளைஞன். தடை எல்லோர் தலையிலும் விழுந்தது. ஆனாலும் அந்தத் தடை ஆள் பார்க்காத தடை, குறைந்தபட்சம் எழுத்தளவில்.

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், ரியாத்தின் தூதரகக் குடியிருப்புப் பகுதியில் ஒரு கடை திறக்கப்படுவதாகச் செய்தி வந்தது. அப்போது முஸ்லிமல்லாத தூதரக அதிகாரிகளுக்கு மட்டும். கைபேசிச் செயலியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு மாதம் 240 புள்ளிகள். ஒரு லிட்டர் விஸ்கி போன்ற கடும் மதுவுக்கு 6 புள்ளி, ஒயினுக்கு 3, பீருக்கு 1. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தூதரக அதிகாரி மாதம் 40 லிட்டர் விஸ்கி வாங்கலாம். அதே தூதரகத்தின் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற தமிழனும் முஸ்லிமல்லாதவனாக இருக்கலாம். அந்தப் புள்ளிகளில் ஒன்றுகூட அவனுக்கில்லை.

கத்தாரில் வெளிநாட்டுக் குடியிருப்பாளர் மது வாங்க உரிமம் பெறலாம். அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும், குறிப்பிட்ட அளவுக்குமேல் சம்பளமும் வேண்டும். 2022 உலகக் கோப்பை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், விளையாட்டரங்கச் சுற்றுவட்டத்தில் ரசிகர்களுக்கு பீர் கிடையாது என்று அறிவித்தார்கள். உலகமே அதைப் பேசியது. அந்த அரங்கங்களைக் கட்டியவர்கள் அதற்கு முன் பத்தாண்டுகள் என்ன குடித்தார்கள் என்று அவ்வளவு பேர் பேசவில்லை. துபாயில் ஓட்டல் பார்கள் நிறைந்து கிடக்கின்றன. பக்கத்து ஷார்ஜாவில் மது கிடையாது; வாடகை குறைவு என்று துபாய் வேலைக்காரர்கள் ஏராளமானோர் அங்கேதான் தங்குகிறார்கள். மாலத்தீவில் சுற்றுலா விடுதித் தீவுகளில் மது உண்டு, உள்ளூர் மக்கள் வசிக்கும் தீவுகளில் இல்லை. அந்த மக்கள் தீவுகளின் பள்ளிகளில்தான் நம்மூர் ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். இந்த நாடுகளிலெல்லாம் தடைக்கு விதிவிலக்கு இருக்கிறது. அந்த விதிவிலக்கு, பணத்தோடு வருகிற விருந்தாளிக்காகச் செய்யப்பட்டது. உழைக்க வந்தவனை மனத்தில் வைத்துச் செய்த விதிவிலக்கு எங்கும் இல்லை.

அப்படியென்றால் அவனுக்கும் விதிவிலக்கு வேண்டுமா? இதை எழுதும்போது எங்கள் தெருப் பெண்களின் முகம் எனக்கு முன்னால் நிற்கிறது. “குவைத்துக்குப் போனாத் தேவல, அங்க குடிக்க முடியாதாம்” என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பிய தாய்மார்கள் இங்கே உண்டு. தாலியை அடகு வைத்து விசாவுக்குக் கொடுத்த மனைவிகளும் உண்டு. அந்தப் பணத்தில் பாதி சம்பாத்தியத்துக்கான முதலீடு, மீதி சாராயக்கடையிலிருந்து கணவனைப் பிரித்துவைப்பதற்கான செலவு. நமது அரசு கொடுக்காத மதுவிலக்கை அவர்கள் ஓர் அரபு நாட்டிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அது பலித்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் தொடாமல் இருந்து, வீடு கட்டி, தங்கையைக் கட்டிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். விடுமுறையில் வந்து விமான நிலையத்திலிருந்து நேராகக் கடைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். முழு மதுவிலக்கை எள்ளி நகையாட என்னால் முடியாது. சாராயக்கடைக்கு எதிரில் குடியிருக்கும் பெண்ணைக் கேட்காமல் இதைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆனால் அந்தத் தாய்மார்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அங்கேயும் கிடைக்கிறது. கேம்ப் அறைகளில், பழைய கட்டடங்களில், பாலைவனத்து ஒதுக்குப்புறங்களில் காய்ச்சுகிறார்கள். சவூதியில் அதற்குச் ‘சித்திகி’ என்று பெயர். வாங்குகிறவன் முகவரியில்லாதவன், விற்கிறவனும் அப்படியே. தண்ணீர் பாட்டிலில் வந்து சேரும் அந்தத் திரவத்துக்குள் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது.

2025 ஆகஸ்டில் குவைத்தில் அது மெத்தனாலாக இருந்தது. சில நாட்களுக்குள் 160 பேர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், 23 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டு சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பெரும்பாலோர் ஆசியர்கள். இந்தியர்கள் சுமார் நாற்பது பேர் மருத்துவமனைகளில் இருப்பதாக நமது தூதரகம் சொன்னது. பலருக்கு அவசர டயாலிசிஸ் தேவைப்பட்டது. பார்வை இழந்தவர்களும் உண்டு. குவைத்தில் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஓட்டலிலும் மது கிடையாது. ஆனால் வசதியுள்ளவன் வியாழக்கிழமை இரவு விமானத்தில் துபாய்க்கோ பஹ்ரைனுக்கோ போய்விட்டு வருகிறான். மற்றவனுக்கு அந்தத் தண்ணீர் பாட்டில்தான்.

மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் புழங்கும் கரைப்பான். பார்வைக்கும் வாசனைக்கும் குடிக்கிற எத்தனாலைப் போலவே இருக்கும், போதையும் தரும், விலை குறைவு. நஞ்சு அதன் உருமாற்றத்தில் இருக்கிறது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக்கும், பிறகு ஃபார்மிக் அமிலமாக்கும். அந்த அமிலம் ரத்தத்தைப் புளிக்கச் செய்து, கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்து அரைநாள், ஒருநாள் வரை சாதாரண மப்பாகத் தெரியும். பிறகு வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு; கண் முன்னால் பனி மூடியதுபோல் வெளுப்பு. அந்த வெளுப்பு வந்தவுடன் மருத்துவமனைக்குப் போனால் உயிரைக் காப்பாற்ற வழி உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் எத்தனாலையே மருத்துவர்கள் அளந்து கொடுப்பார்கள். கல்லீரல் எத்தனாலைச் செரிப்பதில் முனைந்திருக்க, மெத்தனால் மாறாமல் சிறுநீரிலும் டயாலிசிஸிலும் வெளியேறும். எந்தப் பொருளைத் தடை செய்தார்களோ அதுவே மருந்தாகவும் இருக்கிறது. ஆனால் மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும், தர்ஹீல் என்ற நாடுகடத்தல் முகாமில் அடைத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், விசாவுக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும் என்ற அச்சத்தில் ஒருவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பானேயானால், ஃபார்மிக் அமிலம் அவனுக்காகக் காத்திருக்காது.

இதை அரபு நாட்டுக் கதையாக ஒதுக்கிவிட எங்களுக்கு உரிமை இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 14 பேர் இதே மெத்தனாலால் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் இறந்தவர்கள் 65க்கும் மேல். இரண்டு முறையும் ஆம்புலன்சுகள் எங்கள் பக்கத்து மருத்துவமனைகளுக்கு வந்தன: முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. கள்ளக்குறிச்சியிலும் டாஸ்மாக் கடை இருந்தது. பிறகு ஏன் பாக்கெட் சாராயம்? டாஸ்மாக் குவார்ட்டரைவிட அது மலிவு. மூட்டை தூக்குகிறவனும் கூலி வேலை செய்கிறவனும் அன்றைய உடம்பு வலிக்கு அன்றைய கூலியில் வாங்கக் கூடியது அதுதான். குவைத்தில் சட்டம் அடைத்த கதவை கள்ளக்குறிச்சியில் விலை அடைத்தது. விளைவு ஒன்றே.

குஜராத்தையும் பார்க்க வேண்டும். காந்தி பிறந்த மாநிலம் என்ற பெருமையோடு மதுவிலக்கைக் காத்து வருகிறது. அங்கே வெளியூர்ப் பயணிக்கு பெர்மிட் உண்டு, உடல்நலத்தைக் காட்டி வாங்கும் பெர்மிட்டும் உண்டு. 2022 ஜூலையில் போடாட் பகுதியில் மெத்தனால் கலந்த திரவத்தைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 டிசம்பரில் மதுவிலக்கில் ஒரு தளர்வு அறிவித்தார்கள். எங்கே? காந்திநகரை ஒட்டிய கிஃப்ட் சிட்டி என்ற நிதி நகரில், அங்கே வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கும் அவர்களைத் தேடி வரும் விருந்தினர்களுக்கும். முதலீட்டாளர் வர வேண்டுமென்றால் ஒயின் வேண்டும் என்பது அரசுக்குப் புரிகிறது. போடாட்டில் கண் இழந்தவனுக்கு அந்தத் தளர்வால் ஒன்றுமில்லை. ரியாத் கடையும் கிஃப்ட் சிட்டியும் ஒரு மாத இடைவெளியில் வந்தவை. மதம் வேறு, நாடு வேறு. யாருக்குக் கதவு திறக்கலாம் என்ற கணக்கு ஒன்று.

எங்கள் புதுச்சேரியும் விதிவிலக்கல்ல. கடற்கரை நகரத்தில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதிக்கு வருகிறவர்களுக்கு ரெஸ்டோ பார்கள். குளிர்சாதனம், இசை, சுற்றுலா வளர்ச்சி என்ற பெயர். கிராமப்புறக் கொம்யூன்களில் சாராயக்கடை, மண் தரை, பிளாஸ்டிக் தம்ளர், கிஸ்தி. இரண்டும் சட்டபூர்வம்தான். சாராயத்தை ஆதரித்து ஒரு சொல்லும் எழுத எனக்கு மனமில்லை. அது எங்கள் ஊர்களில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அரசு வடிசாலையிலிருந்து வருவதில் என்ன இருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு, கேட்க ஆளும் உண்டு. கருணாபுரத்தில் அது இல்லை.

எல்லோருக்கும் பொருந்தும் முழுத் தடையை என்னால் மதிக்க முடிகிறது. கடையைத் திறந்துவிட்டு, குடியின் கேடுகளுக்கு அரசே பொறுப்பேற்றுச் சிகிச்சை தருவதையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆளின் சம்பளத்தையும் கடவுச்சீட்டின் நிறத்தையும் பார்த்துத் திறக்கிற கதவுக்கு ஒழுக்கம் என்று பெயர் வைப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. தன் குடிமக்கள் குடிக்கக் கூடாது என்று முடிவு செய்வது ஒரு நாட்டின் உரிமை. அந்த நாட்டுக்குப் போகிறவன் அந்தச் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும். நம் பிள்ளைகளும் நடக்கத்தான் வேண்டும். அந்த நாட்டிடம் நாம் கேட்கக் கூடியது, குடித்து விஷமேறி மருத்துவமனை வாசலுக்கு வருகிறவனை நோயாளியாகப் பார்க்கச் சொல்வது. வழக்கு ஒரு வாரம் கழித்துக்கூட நடக்கட்டும். ஃபோமெபிசோல் அன்றே வேண்டும். இதைத் தூதரகம் வழியாகக் கேட்க நமது அரசுக்கு எந்தத் தடையும் இல்லை.

அதற்கு முன் நாமே செய்யக் கூடியதும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று குறித்து, வளைகுடாவுக்குப் போகுமுன் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெறச் சொல்கிறோம். புறப்படும் முன் அறிவுரை வகுப்புகளும் உண்டு. ‘அங்கே மது குற்றம்’ என்ற எச்சரிக்கையோடு நிறுத்தாமல், மெத்தனால் என்றால் என்ன, அது கண்ணை எப்படிப் பறிக்கும், எத்தனை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தெளிந்த தமிழில் கால் மணி நேரம் சொல்லிக்கொடுக்க அந்த வகுப்புகளில் இடம் வேண்டும்.

அது வரும்வரை, உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ யாராவது விமானம் ஏறுகிறார் என்றால் நீங்களே சொல்லி அனுப்புங்கள். குடிக்காதே என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு இதையும் சொல்லுங்கள்: மீறிக் குடித்துவிட்டு மறுநாள் கண் மங்கினால் வேலை போகும், கடன் நிற்கும் என்று எதையும் யோசிக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, அறையில் இருப்பவனுக்குக் கண் மங்கினாலும் அவனை இழுத்துக்கொண்டு போ.